சனிக்கிழமை குடிபோகலாமா? அயர்லாந்துக் கிராமங்களின் ஆகும் நாளும் ஆகாத நாளும்

ராஸ்காமன் கவுன்ட்டியில் (நம் மாவட்டம் போன்ற பகுதி) ஒரு கிராமத்து வீட்டை வாடகைக்குப் பிடித்திருக்கிறீர்கள். சனிக்கிழமைதான் வேலை இல்லாத நாள் என்பதால் அன்றே குடிபோக நினைத்தீர்கள். பக்கத்து வீட்டு மூதாட்டி, "சனிக்கிழமை குடிபோனவர் நெடுநாள் குடியிருக்க மாட்டார்" என்ற பொருளில் ஒரு பழமொழி சொல்லித் தடுத்தார். நம் பஞ்சாங்கம் போல அயர்லாந்துக்காரர்களுக்கும் நாள் கணக்கு உண்டா, அது கிறிஸ்தவத்துக்கு முந்திய கெல்ட்டியப் பூசாரிகளான ட்ரூயிடுகள் விட்டுச் சென்றதா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் மூன்று கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஆகாத நாள்கள் என்று உண்மையிலேயே இருந்தனவா? அவற்றுக்கு ஏதாவது ஒழுங்கு இருந்ததா? அந்த ஒழுங்கு எவ்வளவு பழையது? முதல் கேள்விக்கு உறுதியாகப் பதில் சொல்ல முடியும். இரண்டாவதற்குப் பெருமளவு சொல்லலாம். மூன்றாவதில்தான் கவனமாகக் கால் வைக்க வேண்டும்.

முதலில் பஞ்சாங்க ஒப்புமையைத் தீர்த்துவிடுகிறேன். திதி, நட்சத்திரம், இராகுகாலம் என்று வானத்தைக் கணித்து ஒரு நாளைக் கூறுபோடும் முறை அயர்லாந்துக் கிராமத்தில் வழக்கில் இருந்ததில்லை. பண்ணை வீடுகளில் பஞ்சாங்கம் போன்ற மலிவுப் புத்தகங்கள் கிடந்தன. ஆனால் அவற்றைப் புரட்டியது பெரும்பாலும் சந்தைத் தேதிகளுக்காக. நாள் பார்ப்பதை மக்கள் வாய்வழியாகவே கற்றார்கள். அதில் ஒரு நாள் முழுதாக நல்லது, முழுதாகக் கெட்டது என்று கிடையாது. எந்தச் செயலுக்கு எந்த நாள் ஆகாது என்பதுதான் கணக்கு. புதிதாக ஒன்றைத் தொடங்குவது, வீட்டிலிருந்து ஒரு பொருளை வெளியே கொடுப்பது, மண்ணைத் தோண்டுவது, சக்கரத்தைச் சுழற்றுவது, தண்ணீரில் இறங்குவது ஆகிய சில செயல்களைச் சுற்றியே ஏறக்குறைய எல்லாத் தடைகளும் அமைந்திருக்கின்றன. இதைப் பிடித்துக்கொண்டால், ஒன்றுக்கொன்று முரண்படுவது போலத் தெரியும் நம்பிக்கைகள் பலவும் ஓர் ஒழுங்குக்குள் வரும்.

நான் நாட்டார் வழக்காற்றியலைப் பாடமாகப் படித்தவன். அயர்லாந்துச் சேகரிப்புகளைப் பல ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். 1935-இல் அந்நாட்டு அரசு நாட்டார் வழக்காற்று ஆணையம் ஒன்றை அமைத்தது. அதன் இயக்குநர் ஜேம்ஸ் டெலார்கி. 1937 முதல் 1939 வரை அந்த ஆணையம் தொடக்கப் பள்ளி மேல்வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு பெரும் சேகரிப்பை நடத்தியது. சுமார் 5,000 பள்ளிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 50,000 பிள்ளைகள் தாத்தா பாட்டியிடமும் அக்கம்பக்கத்து முதியவர்களிடமும் கேட்டு எழுதி வந்தார்கள். அப்படிச் சேர்ந்தவை சுமார் 7,40,000 பக்கங்கள். இன்று அவை டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் இருக்கின்றன. உலகில் இதற்கு இணையான சேகரிப்புகள் மிகக் குறைவு. ஒரு தலைமுறை மறைவதற்குள் அதன் நினைவைப் பிள்ளைகளின் கையாலேயே எழுதி வாங்கிய முயற்சி இது. ஆனால் இதன் குறையையும் சொல்லியாக வேண்டும். ஆசிரியர்களுக்கு 55 தலைப்புகள் கொண்ட கையேடு ஒன்று தரப்பட்டிருந்தது. திருமணத்துக்கு ஆகாத நாள்கள் உண்டா என்பது போன்ற கேள்விகள் அதிலேயே இருந்தன. கேட்டால் பதில் வரும். ஒரு பிள்ளை எழுதியதைப் பார்த்து இன்னொரு பிள்ளை எழுதியதும் உண்டு. ஆகவே ஒரு நம்பிக்கை ஒரே ஒரு பக்கத்தில் வந்திருந்தால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தொலைவான கவுன்ட்டிகளில், வெவ்வேறு சொற்களில், கூடவே ஒரு நடைமுறையும் சேர்ந்து வந்தால்தான் நம்புகிறேன்.

இந்த அளவுகோலில் உங்கள் சனிக்கிழமை தேறிவிடுகிறது. சனிக்கிழமை வீடு மாறக் கூடாது என்பது தீவின் எல்லாப் பக்கங்களிலும் பதிவாகியிருக்கிறது. இன்றும் பலர் அதை மனத்தில் வைத்தே வீட்டுச் சாவியை வாங்குகிறார்கள். வேலைக்காரர்கள் புதிய எசமானரிடம் சேர்வதற்கும் சனிக்கிழமை ஆகாது என்று சொல்லப்பட்டது. அன்று சேர்ந்தவர் நிலைக்க மாட்டார். ஆனால் இதை அயர்லாந்துக்கே உரியது என்று சொல்ல முடியாது. எதுகையோடு கூடிய அதே பழமொழி ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் ஏறக்குறைய சொல் மாறாமல் வழங்குகிறது. எனவே உங்கள் அண்டை வீட்டு அம்மா உங்களைப் பயமுறுத்தவோ விளையாடவோ இல்லை. தன் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்வதையே உங்களுக்கும் சொல்லியிருக்கிறார். வேறு நாள் கிடைக்குமானால் மாற்றிக்கொள்வதில் உங்களுக்கு நட்டம் எதுவும் இல்லை. அந்த அம்மாவுக்கு அது மனநிறைவைத் தரும். கிடைக்காவிட்டால், அவர் வீட்டில் இப்படி நேரும்போது என்ன செய்வார்கள் என்று அவரிடமே கேளுங்கள். தடை இருக்கும் இடத்தில் பெரும்பாலும் அதற்கு ஒரு பரிகாரமும் சேர்ந்தே இருக்கும்.

அதற்குச் சிறந்த சான்று திங்கட்கிழமை. திங்களன்று புதைகுழி வெட்டக் கூடாது என்பது அயர்லாந்தில் இன்னும் உயிரோடு இருக்கும் நம்பிக்கைகளில் ஒன்று. அன்று வெட்டினால் அதே குடும்பத்தில் இன்னொரு சாவு தொடரும் என்பார்கள். ஆனால் அடக்கம் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளுக்குள் நடந்தாக வேண்டும். திங்கட்கிழமையை ஒதுக்கிவைப்பது எளிதல்ல. ஆகவே ஞாயிற்றுக்கிழமையே கல்லறைத் தோட்டத்துக்குப் போய் ஒரு மண்கட்டியை மட்டும் புரட்டிவிட்டு வருவார்கள். குழி ஞாயிறன்றே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. திங்களன்று நடப்பது அதன் தொடர்ச்சி. தடை விழுவது தொடக்கத்தின் மீதுதான் என்பது இங்கே தெளிவாகத் தெரிகிறது. திங்களன்று பணமோ பாலோ கொடுத்தால் வாரம் முழுவதும் கையைவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும் என்பதும் அதே கருத்துதான். வாரத்தின் முதல் வேலைநாளில் என்ன நடக்கிறதோ அதுவே வாரத்துக்கு வழி வகுக்கும். திங்களன்று முடி வெட்டுவதும் ஆகாது. 'திங்கட்கிழமை மழிப்பு உன் மேல் விழட்டும்' என்று ஐரிஷ் மொழியில் ஒரு சாபமே உண்டு. ஆனால் இதே திங்கள் நாட்டு வைத்தியத்துக்கு மிக உகந்த நாள். படர்தாமரைக்கோ சுளுக்குக்கோ மந்திரிக்கும் ஒருவரிடம் போனால், இரண்டு திங்களும் ஒரு வியாழனும் வரச் சொல்லுவார். இந்த 'இரண்டு திங்கள், ஒரு வியாழன்' என்ற சொற்றொடர் பிள்ளைகள் எழுதிய பக்கங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. கொடுப்பதற்கு ஆகாத நாள், குணமாக்குவதற்கு ஆகும்.

வெள்ளிக்கிழமை இன்னும் சிக்கலானது. சாதாரண வெள்ளியைப் பற்றிய சாட்சியங்கள் ஒத்துப்போவதில்லை. உழவோ விதைப்போ தொடங்க நல்லது என்று ஓரிடத்தில் சொல்கிறார்கள். எதையும் தொடங்காதே என்று இன்னோரிடத்தில் சொல்கிறார்கள். திருமணம் கூடாது என்பதில் மட்டும் பெருமளவு ஒற்றுமை இருக்கிறது. ஆனால் பெரிய வெள்ளி என்று வந்துவிட்டால் எல்லாம் தெளிவாகிவிடும். கிறிஸ்துவைச் சிலுவையில் அறைந்த நாள் என்பதால் அன்று ஆணி அடிக்கக் கூடாது, மரவேலை கூடாது, இரத்தம் சிந்தக் கூடாது என்பதால் ஆடு, கோழி அறுக்கக் கூடாது, மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது. பெண்கள் துக்கத்தின் அடையாளமாகக் கூந்தலை அவிழ்த்துவிட்டிருப்பார்கள். இவ்வளவு கடுமையான நாளில் ஒரு பிடி விதையை மட்டும் மண்ணில் இட வேண்டும். கொஞ்சம் தானியமோ நான்கு உருளைக்கிழங்கோ போதும். அந்த ஆண்டின் விளைச்சல் முழுவதற்கும் அது ஆசீர்வாதம். அன்று இட்ட முட்டைகளில் சிலுவை வரைந்து தனியே வைத்து, ஈஸ்டர் அன்று வீட்டில் ஒவ்வொருவரும் ஒன்று சாப்பிடுவார்கள். அன்று முடியைக் கொஞ்சம் வெட்டிக்கொண்டால் ஆண்டு முழுவதும் தலைவலி வராது. துக்க நாளே விதைக்கும் நாளும் ஆவது எனக்கு எப்போதும் வியப்பைத் தருகிறது. புதைக்கப்பட்டவர் எழுந்தார் என்ற நம்பிக்கையோடு மண்ணில் இட்ட விதையும் எழும் என்ற எதிர்பார்ப்பு எவ்வளவு இயல்பாகப் பொருந்துகிறது! அந்த நாளின் கனம் நாட்டின் சட்டத்திலும் இருந்தது. பெரிய வெள்ளியன்று மதுக்கடைகளை மூடச் சொன்ன 1927-ஆம் ஆண்டுச் சட்டவிதி 2018-இல்தான் நீங்கியது.

பஞ்சாங்கக் கணக்குக்குச் சற்று அருகில் வருவது டிசம்பர் 28. ஏரோது அரசன் பெத்லகேமில் குழந்தைகளைக் கொன்றதை நினைவுகூரும் மாசில்லாக் குழந்தைகள் திருநாள் அது. அயர்லாந்தில் அதற்கு ஆண்டின் 'குறுக்கு நாள்' என்றே பெயர். அன்று தொடங்கிய எதுவும் முடியாது, முடிந்தாலும் விளங்காது. பயணம், வீட்டு வேலை, திருமணப் பேச்சு எல்லாம் தள்ளிவைக்கப்பட்டன. அதோடு நிற்கவில்லை. அந்தத் திருநாள் எந்தக் கிழமையில் விழுகிறதோ, அந்தக் கிழமை அடுத்த ஆண்டு முழுவதும் ஆகாத கிழமையாகிவிடும். உதாரணமாக 2024 டிசம்பர் 28 சனிக்கிழமை; பழைய வழக்கின்படி 2025-இன் எல்லாச் சனிக்கிழமைகளுக்கும் இரட்டைப் பழி. ஆண்டுக்கு ஆண்டு மாறும் ஆகாத கிழமை என்பது இந்த ஓரிடத்தில்தான் தெளிவாகக் கிடைக்கிறது. இது கோள்களிலிருந்து பிறக்கவில்லை. ஒரு துக்க நாளின் நிழல் அடுத்த ஆண்டின் மீது படிகிறது.

இனி மே முதல் நாள். இங்கே கொஞ்சம் தங்க வேண்டும். ஐரிஷ் மொழியில் பியால்டினே எனப்படும் இந்த நாள்தான் நாட்டுப்புறத்தில் ஆண்டின் மிக ஆபத்தான நாள். அன்று காலை வீட்டிலிருந்து நெருப்பு, பால், வெண்ணெய், உப்பு, தண்ணீர் எதையும் வெளியே தரக் கூடாது. கரிமண்ணால் (சதுப்பு நிலத்தில் வெட்டி உலர்த்திய எரிபொருள்) எரியும் அடுப்பு பல வீடுகளில் ஆண்டுக்கணக்கில் அணைவதில்லை. அக்கம்பக்கத்தார் ஒரு தணலுக்காக வந்து நிற்பது அன்றாட வழக்கம். மே முதல் நாளில் மட்டும் அது கிடையாது. புகைக்குழாய் பற்றவைக்கக் கேட்டால் உள்ளேயே உட்கார்ந்து புகைத்து முடித்துவிட்டுத்தான் போக வேண்டும். ஊரில் எந்த வீட்டுக் கூரையில் முதலில் புகை எழுகிறதோ அந்த வீட்டுக்குக் கேடு; 'அந்தப் புகையின் வெண்ணெய் என் பாலில் சேரட்டும்' என்று எங்கிருந்தாவது ஒருத்தி மந்திரம் சொல்லிவிடக்கூடும். விடியலில் அடுத்தவர் கிணற்றின் மேல்தண்ணீரை முதலில் அள்ளுவது, அடுத்தவர் புல்லில் துணியை இழுத்துப் பனியைப் பிழிந்துகொள்வது எல்லாம் திருட்டு. திருடப்படுவது அந்த ஆண்டின் வெண்ணெய் வளம்.

இதோடு சேர்ந்தது முயல் கதை. விடியலில் ஒரு முயல் பசுவின் மடியில் பால் குடித்துக்கொண்டிருக்கும். நாய்கள் துரத்தும், ஒன்று அதன் காலைக் கவ்வும். முயல் ஒரு குடிசைக்குள் பாய்ந்து மறையும். கதவைத் திறந்தால் உள்ளே ஒரு கிழவி, காலில் இரத்தம் ஒழுக. தீவு முழுவதும் இந்தக் கதை சொல்லப்பட்டது. முயலுருவில் பால் திருடும் கிழவிகளைப் பற்றி 12-ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் நாட்டு ஜெரால்டு என்ற திருச்சபை அறிஞரே எழுதியிருக்கிறார். எனவே மே நாளைச் சூழ்ந்த அச்சத்தின் இந்தப் பகுதிக்குக் குறைந்தது 800 ஆண்டு வயது உண்டு என்று துணிந்து சொல்லலாம். இவ்வளவு அச்சம் ஏன்? மே மாதத்தில்தான் புதுப்புல் வந்து பால் பெருகும்; மாடுகளைக் கோடை மேய்ச்சலுக்கு மலைக்கு ஓட்டுவார்கள். குத்தகைப் பணம் செலுத்தும் இரண்டு தவணைகள் மே 1-உம் நவம்பர் 1-உம். தெற்கே பல குடும்பங்களுக்குக் குத்தகை கட்டக் கையில் கிடைக்கும் பணமே வெண்ணெய் விற்ற பணம்தான். கார்க் நகரின் வெண்ணெய்ச் சந்தை 19-ஆம் நூற்றாண்டில் உலகின் மிகப் பெரிய வெண்ணெய்ச் சந்தைகளுள் ஒன்று. இரண்டு மூன்று மாடு வைத்திருப்பவர் வீட்டில் கடைந்தும் வெண்ணெய் திரளாவிட்டால் நிலமே கைமாறலாம். பாலாடை மிகக் குளிர்ந்திருந்தாலோ மிகச் சூடேறியிருந்தாலோ, மாடு பால் வற்றும் கட்டத்தில் இருந்தாலோ, பாத்திரம் சுத்தமில்லாவிட்டாலோ வெண்ணெய் திரளாது என்பதை இன்று அறிவோம். அன்று ஒரு குடும்பம் அதற்குக் காரணமாகக் கண்டது மே நாள் காலையில் தணல் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரியை. வாசலில் மஞ்சள் பூக்களைத் தூவுவதும் மாட்டின் வாலில் ரோவன் மரக் குச்சியைக் கட்டுவதும் நமக்கு அழகாகத் தோன்றலாம். அதற்குள் இருந்தது பசியின் கணக்கு. அண்டை வீட்டு ஏழைப் பெண்கள் மீது விழுந்த சந்தேகத்தின் கொடுமையும் அதற்குள்தான் இருந்தது. அதை மறைத்துவிட்டு இந்த வழக்கங்களை வெறும் அழகாகக் காட்டுவதை என்னால் ஏற்க முடிவதில்லை.

நவம்பர் 11, புனித மார்ட்டின் நாள், வேறு வகை. அன்று எந்தச் சக்கரமும் சுழலக் கூடாது. நூல் இராட்டை, மாவு ஆலை, வண்டி எல்லாம் நிற்கும். மார்ட்டின் ஆலைச் சக்கரத்தில் சிக்கி இறந்தார் என்று மக்கள் காரணம் சொன்னார்கள். வரலாற்றில் அவர் கி.பி. 397-இல் பிரான்சின் கான்ட் என்ற ஊரில் முதுமையில் இயற்கையாக இறந்தார். சக்கரக் கதை தடைக்குப் பின்னால் வந்த விளக்கமாகவே இருக்க வேண்டும். அந்த நாளுக்கு முன் ஒரு சேவலையோ வாத்தையோ அறுத்து, இரத்தத்தை வாசற்படியிலும் வீட்டின் நான்கு மூலைகளிலும் தெளிப்பார்கள். வீட்டாரின் நெற்றியில் சிலுவை இடுவார்கள். இரத்தம் திருநாளுக்கு முந்தைய நாள்களில் சிந்தலாம், பிறகு கூடாது. வெக்ஸ்ஃபோர்டு கடற்கரையில், மார்ட்டின் இரவன்று எச்சரிக்கையை மீறிக் கடலுக்குப் போன மீனவர்கள் மூழ்கிய கதை இன்றும் சொல்லப்படுகிறது. பெரிய வெள்ளியில் இரத்தம் தடை, மார்ட்டினுக்கு இரத்தம் கடமை. செயலும் நாளும் சேர்ந்தே பொருள் தருகின்றன என்று நான் சொன்னது இதைத்தான். பிப்ரவரி 1, புனித பிரிஜித் நாளிலும் தெற்கே சில பகுதிகளில் சக்கரத் தடை இருந்தது.

ஈஸ்டருக்குப் பின் ஏழாம் ஞாயிறான பெந்தெகொஸ்தே தண்ணீருக்கு ஆகாத நாள். அந்த ஞாயிறும் அடுத்த நாளும் கடலில் குளிப்பதையும் படகில் போவதையும் தவிர்த்தார்கள்; மூழ்கி இறந்தவர்கள் அன்று துணை தேடுவார்கள் என்பது நம்பிக்கை. அன்று பிறந்த குழந்தை ஒருவரைக் கொல்லும் அல்லது கொல்லப்படும் என்று அஞ்சினார்கள். அந்த விதியை முன்கூட்டியே தீர்த்துவிட, ஒரு புழுவையோ கோழிக்குஞ்சையோ குழந்தையின் கைக்குள் வைத்து நசுக்குவார்கள். சில இடங்களில் குழந்தையை ஒரு போலிக் குழியில் சற்று நேரம் கிடத்தி எடுப்பார்கள். அன்று பிறந்த குதிரைக்குட்டிக்கும் அதே பழிதான்.

திருமண நாள்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் இங்கே நம்பிக்கைக்குக் கீழே உள்ள காரணம் பளிச்சென்று தெரிகிறது. அயர்லாந்துக் கிராமத்தில் திருமணங்கள் மிகுதியாக நடந்த நாள் சாம்பல் புதனுக்கு, அதாவது ஈஸ்டருக்கு முன் வரும் தவக்கால நோன்பின் முதல் நாளுக்கு, முந்தைய செவ்வாய். தவக்காலத்தில் கத்தோலிக்கத் திருச்சபை ஆடம்பரத் திருமணத்தை அனுமதிக்கவில்லை. தவக்காலம் முடிந்தால் உழவு வேலை கழுத்தை நெரிக்கும். ஆகவே குளிர்காலத்தில் பேசி முடித்த சம்பந்தங்கள் அந்தக் கடைசிச் செவ்வாய்க்கு வந்து குவிந்தன. அந்த நாளைத் தவறவிட்டவர்களை ஊர் சும்மா விடவில்லை. தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று மணமாகாதவர் முதுகில் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். கெரி, கார்க் பகுதிகளில், கடலுக்குள் இருக்கும் ஸ்கெல்லிக் பாறைத் தீவில் தவக்காலம் தாமதமாக வருவதாகச் சொல்லி, மணமாகாத ஆண் பெண் பெயர்களைக் கேலியாக இணைத்துப் பாட்டுக் கட்டி அங்கே அனுப்புவதாகப் பாடினார்கள். அந்தப் பாறை மடத்தின் துறவிகள் பழைய நாள்காட்டியைக் கைவிடவில்லை என்பது அதற்கான விளக்கம். துறவிகளோ அங்கிருந்து இடைக்காலத்திலேயே கரைக்கு வந்துவிட்டார்கள். திங்கள் உடல்நலம், செவ்வாய் செல்வம், புதன் எல்லாவற்றிலும் சிறந்தது, வியாழன் இழப்பு, வெள்ளி துன்பம், சனி அதிர்ஷ்டமே இல்லை என்று போகும் திருமணப் பாட்டை யாராவது உங்களுக்குச் சொல்லலாம். அதைப் பிள்ளைகள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் அது ஆங்கில மொழியில், இங்கிலாந்திலும் அதே எதுகையில் வழங்கும் பாட்டு; அச்சின் வழியாகப் பரவியிருக்க வாய்ப்பு மிகுதி. மே மாதத் திருமணம் ஆகாது என்பதோ ரோமானியர்களிடமே இருந்தது. ரோமானியக் கவிஞர் ஓவிட் அதைக் குறிப்பிடுகிறார்.

இப்போது ட்ரூயிடுகள் கேள்வி. இணையத்தில் இதற்கு வரும் விடைகள் பலவும் ஆதாரத்தைத் தாண்டிப் பாய்கின்றன. சனிக்கிழமைத் தடை ட்ரூயிடுகளிடமிருந்து வந்திருக்க முடியாது. ஏழு நாள் வாரமே அயர்லாந்துக்குக் கிறிஸ்தவத்தோடும் லத்தீனோடும் வந்தது. ஐரிஷ் மொழியில் சனிக்கும் திங்களுக்கும் உள்ள பெயர்களும் லத்தீனிலிருந்து எடுத்தவைதான். ஆகவே கிழமை நம்பிக்கைகள் எல்லாமே 5-ஆம் நூற்றாண்டை ஒட்டியோ அதற்குப் பின்னரோ உருவானவை. ஆனால் இடைக்காலத்திலேயே அவை வேரூன்றிவிட்டன என்பதற்குச் சான்று உண்டு. அயர்லாந்தின் பழைய அரசபீடமான தாராவின் அரசனுக்கு விதிக்கப்பட்ட தடைகளின் பட்டியல் ஒன்று பழைய ஐரிஷ் நூல்களில் இருக்கிறது. புதன்கிழமை பிரேகா சமவெளியில் குதிரையை விட்டு இறங்கக் கூடாது, பியால்டினேக்கு அடுத்த திங்களன்று கப்பல் ஏறக் கூடாது என்பவை அதில் அடக்கம். மே மாதத் தொடக்கம், திங்கட்கிழமை, தண்ணீர் என்று நாம் மேலே பார்த்த மூன்றும் அந்த ஒரே தடையில் சேர்ந்து நிற்கின்றன. அது அப்படியே 20-ஆம் நூற்றாண்டு மீனவனின் அச்சமாகத் தொடர்ந்தது என்று நிரூபிக்க முடியாது. இரண்டும் ஒரே மாதிரி சிந்தனை என்பதற்கு மேல் நான் போக மாட்டேன்.

மே 1, நவம்பர் 1 என்ற பருவ எல்லைகள் கிறிஸ்தவத்துக்கு முந்தியவை என்பதற்கு வலுவான காரணங்கள் உண்டு. பழைய இலக்கியத்தில் அவை ஆண்டின் கீல்களாகவே வருகின்றன. அந்த நாள்களுக்குரிய குறிப்பிட்ட தடைகள் அவ்வளவு பழையவையா என்பது வேறு கேள்வி. பிரான்சின் கொலின்யி என்ற ஊரில் 1897-இல் கிடைத்த வெண்கலத் தகட்டு நாள்காட்டியைச் சிலர் ஆதாரம் காட்டுவார்கள். அதில் மாதங்கள் இரண்டு வகையாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. நல்ல மாதம், நல்லதல்லாத மாதம் என்று பலர் பொருள் கொள்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் 30 நாள் மாதம் ஒரு குறியும் 29 நாள் மாதம் இன்னொரு குறியும் பெறுவதால், நிறைமாதம், குறைமாதம் என்றும் படிக்கலாம். மேலும் அது இன்றைய பிரான்ஸ் பகுதியான பழைய 'கால்' (Gaul) நாட்டுக் கெல்ட்டுகளுடையது. அங்கிருந்து ராஸ்காமனுக்குப் பாலம் கட்ட என்னிடம் கல் இல்லை. இன்னொரு கவர்ச்சியான வாதமும் உண்டு. 1752-இல் நாள்காட்டி மாற்றத்தில் 11 நாள்கள் கழிக்கப்பட்டன. பழைய அக்டோபர் 31-ஐ 11 நாள் நகர்த்தினால் நவம்பர் 11 வருகிறது. எனவே மார்ட்டின் நாளின் இரத்தச் சடங்கு நவம்பர் 1-க்கு முந்தைய இரவான பழைய சௌவின் இரவுக்கு உரியது என்பது அந்த வாதம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் மார்ட்டின் திருநாள் அந்த மாற்றத்துக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நவம்பர் 11-இல்தான் கொண்டாடப்பட்டது. குளிர்காலத்துக்கு முன் கால்நடை அறுப்பது ஐரோப்பா எங்கும் அந்தப் பருவத்து வழக்கம். வாதம் நிற்கவில்லை. 13-ஆம் தேதி வெள்ளிக்கிழமையைப் பற்றியும் ஒரு வார்த்தை: அந்த இணைப்பு 19-ஆம் நூற்றாண்டுக்கு முன் எங்குமே அறியப்படாதது. அயர்லாந்துப் பழமை என்று அதை யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இவை எப்போது தேய்ந்தன? கண் மருத்துவரும் ஆஸ்கர் வைல்டின் தந்தையுமான வில்லியம் வைல்டு 1852-இலேயே, பெரும் பஞ்சத்துக்குப் பின் இவ்வழக்கங்கள் மறைந்துகொண்டிருப்பதாக வருந்தி எழுதினார். 1841-இல் 80 லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை பத்தாண்டில் சுமார் 65 லட்சமாகக் குறைந்திருந்தது. பட்டினியிலும் நோயிலும் மடிந்தவர்களிலும் கப்பலேறியவர்களிலும் ஐரிஷ் பேசிய ஏழைகளே மிகுதி. மே நாள் அச்சத்தைத் தளர்த்தியதில் பாற்பண்ணைக் கூட்டுறவுகளுக்கும் பங்கு உண்டு என்று நான் கருதுகிறேன். 1889-இல் லிமெரிக்கின் டிரம்காலகரில் தொடங்கிய முதல் கூட்டுறவுப் பாலாலைக்குப் பின், பால் வீட்டில் கடையப்படாமல் வண்டியில் ஆலைக்குப் போனது. கடையும் தாழி மூலைக்குப் போனபின் வெண்ணெய்த் திருடிக்கு அஞ்ச வேண்டிய தேவையும் குறைந்தது. சாவும் வீடும் மட்டும் எந்த ஆலைக்கும் போகவில்லை. திங்கட்கிழமைக் குழியும் சனிக்கிழமைக் குடிபெயர்ச்சியும் நிலைத்ததற்கு அது காரணமாக இருக்கலாம்.

நீங்களே படித்துப் பார்க்க விரும்பினால், பள்ளிப் பிள்ளைகளின் பக்கங்கள் 'டூகஸ்' என்ற இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கவுன்ட்டி, பங்கு (திருச்சபை வட்டாரம்), பள்ளி என்று தேடலாம். வட அயர்லாந்தின் ஆறு கவுன்ட்டிகள் அந்தத் திட்டத்தில் சேரவில்லை, ராஸ்காமன் சேர்ந்திருக்கிறது. படிக்கும்போது முதலில் பக்கத்தின் அடியைப் பாருங்கள். தகவல் சொன்னவரின் பெயரும் வயதும் ஊரும் இருந்தால் அது பெரும்பாலும் உண்மையாகக் கேட்டு எழுதியது. எண்பது வயதுக்காரர் சொன்னது என்றால், பஞ்சத்துக்குப் பிந்திய பத்தாண்டுகளில் வளர்ந்தவரின் நினைவு அது. பெயர் எதுவும் இல்லாமல் ஆங்கிலப் பாட்டு மட்டும் இருந்தால் கடந்துபோங்கள். பாட்டை விட, 'எங்கள் ஊரில் இப்படிச் செய்வார்கள்' என்று தொடங்கி, யார், எந்தக் கையால், எந்தப் பொருளை, எங்கே வைத்தார்கள் என்று சொல்லும் வரிகளைத் தேடுங்கள்.